தாளிப்பனைக்கு இடம் தேடுதல்

விசிறியாய் விரியும் ஓலையுடைய பனையினங்களுள் ஓலையின் பருமையால் தலைநிற்பது தாளிப்பனை ஆகும். குடைப்பனை என்றும், ஏடெழுதியோர் வழக்கில் சீதாளம் என்றும் அழைக்கப்படும் இம்மரம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பண்டுதொட்டு வளர்ந்து வருவது; ஏறத்தாழ 25 மீற்றர் உயரம் எட்டவல்லது; அதன் ஓலை 5 மீற்றர் அகலம் வரை விரியக்கூடியது. இலங்கைத் தீவைப் பற்றி 1681ஆம் ஆண்டு இலண்டனில் நூல் வெளியிட்ட ரொபேர்ட் நொக்ஸ், இதன் ஓலையொன்று பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்றும், கண்டிப் படையினர் இதைக் கூடாரமாகக் கொண்டனர் என்றும் குறித்துள்ளார். அவர் 1660இல் சிறைப்பட்டது இன்றைய கிளிவெட்டிக்கு அண்மையிலுள்ள மூதூர்ப் பகுதியிலேயே என்பதால், கிளிவெட்டி வளவொன்றில் இம்மரத்தை வளர்க்க நினைப்பது பொருத்தமான ஆசையே.

பனங்கிழங்கு தோண்டியவர்களுக்கு இதன் முளைப்பு புதிதாக இராது. விதையிலிருந்து முதலில் ஒரு தண்டு நிலத்துள் இறங்கி, ஆழத்தில் வேரூன்றிய பின்னரே, விசிறியாக அன்றி மடிப்புகளுடைய ஒற்றைக் கீற்றாக முதல் இலை மேலே எட்டிப்பார்க்கும். இந்த ஆழ்ந்த பிடிப்பைக் குலைத்தால் கன்று வாடிவிடும் என்பதனால், நிலையான இடத்திலேயே விதையை ஊன்றுவது நன்று. பையில் வளர்ப்பதாயின் பை ஆழமானதாக இருக்க வேண்டும்.

கன்றின் சிறுமையைப் பார்த்து இடம் தேர்வதே பலரும் செய்யும் பெருந்தவறு. ஓலையோடு அதன் நீண்ட மட்டையையும் சேர்த்தால் மரம் எத்திசையிலும் ஆறேழு மீற்றர் பரவும். மட்டையின் இரு விளிம்பிலும், பனங்கருக்கைப் போலக் கையைக் கிழிக்கும் கரிய முட்கள் இருக்கும். தண்டு எழும் வரை பல ஆண்டுகள் இவ்வோலைகள் நிலமட்டத்திலேயே விரிந்து கிடப்பதால், பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு இது உகந்ததன்று. கிளிவெட்டி அமைந்துள்ள மாவட்டம் 1964 டிசம்பர்ச் சூறாவளியைக் கண்டது என்பதையும் எண்ணி, வீட்டுக்கும் மின்கம்பிக்கும் குறைந்தது பத்து மீற்றர் விலகி, மாரி வெள்ளம் தேங்காத மேட்டில் நடுதல் வேண்டும்.

வறட்சியைத் தாங்கும் வல்லமையில் இது நம் பனைக்கு ஈடாகாது. ஆதலால் இளம் பருவத்தில், கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் மாதங்களில், அடியில் வைக்கோல் பரப்பி, வேர் வரை இறங்குமாறு நீர் விடுவது அவசியம். எருக்குவியலைக் கன்றுக்கு அருகே வைத்தால், அதில் பெருகும் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கக்கூடும்.

முப்பது முதல் எண்பது ஆண்டுகளுக்குள் ஒரே ஒருமுறை, உச்சியிலிருந்து பல மீற்றர் உயரத்துக்குப் பாளை எழுந்து, இலட்சக்கணக்கான பூக்களாக விரியும். தண்டில் சேர்த்த மாச்சத்து முழுவதையும் இப்பூவுக்கும் காய்க்கும் செலவிட்டு மரம் பட்டுப்போகும். காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டுக்குள் மரத்தடியில் உள்ளவற்றை அகற்றி, முற்றி விழும் விதைகளை உலரவிடாது எடுத்து ஊன்றிவிட்டால், பட்ட மரம் சரிந்து விழுமுன் அதைப் பாதுகாப்பாக வெட்டலாம்.