கடைசலில் பிறந்த அடுக்களை

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பெட்டி ஒன்றைத் தரையில் கவிழ்த்துப் பாருங்கள். குடம், பானை, சட்டி, உரல், உலக்கை, ஆட்டுக்கல், திருகை, டம்ளர், தட்டு என்று ஓர் அடுக்களையே உருண்டு ஓடும். குடம் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். டம்ளர் அலமாரிச் சந்துக்குள் நுழைந்துவிடும். தட்டையாகவோ சதுரமாகவோ இருக்கிற சாமான்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழந்தையின் கைக்கு வாகாக இருக்கட்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எல்லாவற்றையும் உருண்டையாக்கவில்லை. சொப்பு செய்கிற எந்திரத்துக்குத் தெரிந்த ஒரே வடிவம் வட்டம்தான்.

அந்த எந்திரம் கடைசல். சாதாரணத் தச்சு வேலையில் மரம் அசையாமல் கிடக்கும், இழைப்புளியும் வாளும்தான் நகரும். கடைசலில் மரம் சுற்றும், உளி ஓரிடத்தில் நிற்கும். சுற்றும் கட்டையில் உளி படுகிற இடமெல்லாம் ஒரே அளவு தேய்வதால், கைத்திறன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கிடைப்பது வட்டமாகத்தான் இருக்கும். தாமிரபரணிக் கரையில் இன்னும் கொஞ்சம் கீழே, காருகுறிச்சியில் பானை வனைகிறவர்களின் சக்கரமும் இதே சூத்திரத்தில்தான் ஓடுகிறது. அங்கே அச்சு செங்குத்து, மண்ணைக் கையால் எழுப்பிப் பெரிதாக்குகிறார்கள். இங்கே அச்சு படுக்கை, மரத்தைச் சீவிச் சிறிதாக்குகிறார்கள். மண் வேலையில் கை தவறினால் குழைத்து மறுபடி தொடங்கலாம். மரத்தில் ஒரு நூல் அதிகம் சீவிவிட்டால் குடம் கிண்ணமாகிவிடும்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு நாட்டுக் கடைசலுக்குக் கயிறுதான் விசை. அச்சில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். தயிர் கடைகிற மத்தைப் படுக்கப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. கட்டை ஒரு முறை முன்னால் சுற்றும், மறு முறை பின்னால். உளி முன்சுற்றில் மட்டும்தான் வெட்டும் என்பதால், பின்சுற்று முழுக்க வீண். உளியைச் சற்று விலக்கி, திரும்ப வைத்து, விலக்கி, வைத்து என்று இழுப்பவரும் கடைபவரும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். மோட்டார் அந்த வீணை ஒழித்தது, கூடவே இழுக்கிற ஆளின் வேலையையும் ஒழித்தது. பட்டறையில் இப்போது ஒருவரே போதும்.

ஒரு குடம் எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால், கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். நாலு மூலையோடு இருக்கிற கட்டைத் துண்டின் ஒரு முனையை அச்சில் இறுக்கி ஓட்டியதும், உளி ஒவ்வொரு மூலையாக முட்டி ‘டக்டக்டக்’ என்று அதிரும். மூலைகள் தேயத் தேய அதிர்வு தணிந்து, கடைசியில் ஒரே சீரான ‘உஸ்’ ஒலி மட்டும் மிஞ்சும். கட்டை உருளையாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு வாய்ப்பக்கம் குழி தோண்டுவார்கள். அதன் பிறகுதான் கழுத்து, வயிறு, அடி என்று வெளிப்பக்கம். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, நிறம் ஏற்றி, எல்லாம் முடிந்த பின்பே அடியில் கூரான உளியை வைத்துத் துண்டிப்பார்கள். அதுவரை குடம் அச்சைவிட்டு இறங்காது. சொப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் சின்னச் சொரசொரப்பு தெரியும். தொப்புள் மாதிரி அது. கடைசலோடு இருந்த உறவு அறுந்த இடம்.

கடைசலுக்கு அடங்காத சாமான்களும் இருக்கத்தான் செய்கின்றன. அம்மி தட்டை என்பதால் அதைத் தனியாக அறுத்துத்தான் செய்ய வேண்டும், அதன் குழவியை மட்டும் கடையலாம். அடுப்பை உருளையாகக் கடைந்து, விறகு வைக்கும் வாயை வெட்டியெடுத்து, மேலே குமிழ்களை ஒட்ட வேண்டும். செட்டில் முதலில் உடைந்து தொலைவது பெரும்பாலும் இப்படி ஒட்டுப்போட்டவைதான் என்பது சொப்பு வைத்து விளையாடிய யாருக்கும் தெரியும்.

நிறம் ஏற்றுகிற விதம் இதைவிடச் சுவாரசியமானது. தூரிகை கிடையாது, தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். 3 செ.மீ. விட்டமுள்ள சொப்பு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு குச்சியை வினாடிக்கு 2 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் உரசிக்கொண்டு போகும். அந்த உரசலின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். அரக்கு இளகத் தேவையான வெப்பம் ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரி செல்சியஸ்வரைதான், கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைவு. இதேபோல் அரக்குப் பொம்மை கடையும் கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் படிந்த அரக்கின்மேல் தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். மறுபடி இளகும் அரக்கு மெல்லிய படலமாகப் பரவி, ஆறும்போது கண்ணாடிபோல் இறுகும். காய வைக்கிற வேலையே இல்லை.

இந்த முறையால் விளைந்த ஒரு சட்டம் உண்டு. சொப்பில் உள்ள வரிகளெல்லாம் வளையங்கள். சிவப்பு வளையம், அதன்மேல் மஞ்சள் வளையம், பச்சை வளையம். மேலிருந்து கீழாக ஓடும் கோட்டைச் சுற்றும் மரத்தில் போட முடியாது. பூவோ கொடியோ இருந்தால் அதை யாரோ பிறகு தூரிகையால் வரைந்திருக்கிறார்கள். மூடியின் குமிழ் உச்சியையும் கவனியுங்கள். அச்சின் நட்டநடுவில் வேகம் ஏறக்குறைய சுழியம், உரசலும் அப்படியே. அந்த ஒரு புள்ளியில் நிறம் சரியாகப் பிடிக்க வைப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்.

அரக்கைத் தருவது ஒரு பூச்சி. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசின் சுரந்து மூடிக்கொள்ளும். நம் நாட்டு அரக்கில் பெரும்பகுதி ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நம் தாத்தாக்கள் கேட்ட பழைய கிராமபோன் தட்டுகளுக்கும் மூலப்பொருள் இதே அரக்குதான். நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரலும் குழந்தையின் உரலும் ஒரே பூச்சியின் கடன்.

மரத்துக்கு வருவோம். அம்பை என்று சுருக்கிச் சொல்லும் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களின் பழைய விருப்பம் மஞ்சள் கடம்பு. நெருக்கமான, சீரான இழை. வெட்டினால் சிம்பு கிளம்பாது, இயற்கையிலேயே மஞ்சள் சாயல். சன்னபட்டணத்துக்கும் ஏட்டிகொப்பாகாவுக்கும் நாம் வெட்பாலை என்று சொல்கிற மரம் எப்படியோ, அம்பைக்கு இது அப்படி. ஆனால் ஊருக்கு மேற்கே உள்ள மலை முண்டந்துறை சரணாலயமானது 1962இல், களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமானது 1988இல். மலை பக்கத்திலேயே இருந்தாலும் அங்கிருந்து மரம் கிடைக்காது. கிடைக்கிற மரத்தை விலை கொடுத்து வாங்கித்தான் கடைகிறார்கள். தைல மரமும் ரப்பர் மரமும் கூடப் பட்டறைக்கு வருகின்றன. காட்டைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. கடம்பைத் தோட்டமாக வளர்க்க யாராவது முனைந்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

எந்த மரமானாலும் நன்றாகக் காய வேண்டும். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பச்சை மரத்தில் கடைந்த வட்டச் சட்டி சில வாரங்களில் முட்டைவடிவமாகும், மூடி பொருந்தாது, விளிம்பில் விரிசல் ஓடும். குழந்தை சொப்பில் தண்ணீர் ஊற்றி ரசம் வைத்தால் இதே கதை மறுபக்கமாக நடக்கும்: நனைந்து உப்பி, காய்ந்து வெடிக்கும். ரசம் வைக்காதே என்று குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை. விளையாடி முடித்ததும் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். கைகழுவும் சானிடைசரை மட்டும் கிட்டே விடாதீர்கள். தண்ணீருக்கு அசையாத அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் பெட்டியை மேலே எடுத்து வைப்பதே நல்லது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்பது கணக்கு. சொப்பில் பாதிச் சாமான் அதற்குள் போய்விடும். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முத்திரை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. கடையில் கேட்க வேண்டியது வேறு: இது அரக்கா, பெயின்ட்டா?

சொப்பு வைத்து எப்படி விளையாடுவது என்று குழந்தைக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். மணலில் சின்ன வீடு கட்டிப் பொய்ச்சோறு ஆக்கும் விளையாட்டுக்குப் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டமும் இதே ஆற்றங்கரைதான். சமையல் சலித்துப்போன பிறகு, சித்திரை வெயிலில் வெளியே விட முடியாத நடுப்பகலில், இதே சாமான்களை வைத்து இன்னொரு விளையாட்டு ஆடலாம்.

வாய் அகன்று அடி குறுகிய சொப்பு டம்ளரைப் படுக்க வைத்து மெல்லத் தள்ளுங்கள். நேராகப் போகாது, வளைந்து சுற்றும். ஒரு சுற்றில் அகன்ற வாய் அதிகத் தூரம் போகிறது, குறுகிய அடி குறைந்த தூரம் போகிறது. ஆகவே அடிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். வாய் 3 செ.மீ., அடி 2 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்றால், வாய் வரைகிற வட்டத்தின் ஆரம் சுமார் 12 செ.மீ. ஓர் அடித் தரைக்கல் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். அடி 2.5 செ.மீ. ஆனால் வட்டம் இரண்டு மடங்காகும். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, எந்த டம்ளர் எங்கே வந்து நிற்கும் என்று பந்தயம் கட்டலாம். உருட்டுவதற்கு முன்பே அளந்து சொல்லும் பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடுதல். வாயும் அடியும் ஒரே அளவான உரல் நேராகப் போகும். வயிறு பெருத்த குடம் எப்படிப் போகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை வழியாகச் செங்கோட்டைக்குப் போகிற ரயிலும் வளைவில் திரும்புவது இந்த டம்ளர் வித்தையால்தான். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பு லேசாகச் சரிந்திருக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் தன் அகன்ற பகுதியிலும் உட்பக்கச் சக்கரம் குறுகிய பகுதியிலும் தண்டவாளத்தில் ஏறி உருளும். ஓடி ஓடி அந்தச் சரிவு தேய்ந்துபோனால் சக்கரத்தை ரயில்வே பணிமனைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அதைச் சுற்றவிட்டு, உளி வைத்து, மறுபடி கடைந்தெடுப்பார்கள்.