வெளியேற மறுக்கும் விருந்தாளி

பற்றீரியாக் கலத்துள்ளே நிறமூர்த்தத்தைத் தவிர வேறொரு சிறு பரம்பரைப் பொருளும் குடியிருப்பதுண்டு. பெரும்பாலும் வளையமாய் அமைந்த அதற்கு 1952இல் யோசுவா லெடர்பேர்க் ‘பிளாஸ்மிட்டு’ எனப் பெயரிட்டார். மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைக் கலத்துக்குக் கலம் சுமந்து செல்பவற்றுள் இது முதன்மையானது. மருந்தை நிறுத்திவிட்டால் பயனற்ற இச்சுமையைப் பற்றீரியா தானாகவே உதறிவிடும் என்று மாணவர் பலர் என்னிடம் கூறுவதுண்டு. எண்ணம் நியாயமானதே; ஆயினும் அதனை நம்பி நோயாளியின் உயிரை ஒப்படைத்தல் தகாது.

சுமை என்பது மெய்தான். பிளாஸ்மிட்டைப் படியெடுக்கவும் அதன் புரதங்களை ஆக்கவும் கலம் தன் உணவிலிருந்தே செலவிட வேண்டும். அச்செலவில்லாத கலம் சற்று விரைந்து பெருகும். எனவே மகட்கலம் ஒன்று வெறுங்கையுடன் பிறந்துவிடின், நாளடைவில் அதன் சந்ததியே குடுவையை நிரப்பிவிடக்கூடும்.

கலத்தில் இருபது பிரதிகள் இருந்து அவை குருட்டாம்போக்கிற் பிரிந்தாலுங்கூட, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பிரிவுகளில் ஒரு முறையே வெறுங்கைக் கலம் தோன்றும். இரண்டே பிரதிகளாயின் இரண்டிலொரு பிரிவில் தோன்றும்! ஆகவே பிரதி குறைந்தவை அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பதில்லை. ‘ஆர் 1’ என்னும் பிளாஸ்மிட்டு புரத இழையொன்றை வளர்த்துத் தன் பிரதிகளைக் கலத்தின் இரு முனைகளுக்கும் தள்ளிவிடுகின்றது.

‘எஃப்’ பிளாஸ்மிட்டின் உபாயமோ கொடியது. அதனை 1983இல் ஓகுராவும் ஹிராகாவும் விளக்கினர். அது நஞ்சொன்றையும் அதன் மாற்றையும் ஒருங்கே ஆக்குவிக்கின்றது. நஞ்சு நீடித்து நிற்பது; மாற்றோ விரைவிற் சிதைவது. பிளாஸ்மிட்டை இழந்த மகட்கலத்தில் மாற்றுத் தீர்ந்துபோக, எஞ்சிய நஞ்சு டி.என்.ஏ.யின் முறுக்கைச் சீராக்கும் நொதியத்தைத் தாக்கி அக்கலத்தை மாய்க்கின்றது. விருந்தாளி போகும்போது வீட்டுக்குத் தீ வைத்துச் செல்லுதல் போன்றது இது.

இவற்றினும் என்னைக் கலங்கவைத்தது 1988இல் பூமாவும் லென்ஸ்கியும் வெளியிட்ட பரிசோதனையே. பிளாஸ்மிட்டைக் கொண்ட ஈ. கோலைப் பற்றீரியாவை அவர்கள் மருந்து கலந்த ஊடகத்தில் 500 தலைமுறைகள் வளர்த்தனர். தொடக்கத்திலே பிளாஸ்மிட்டு வெறுஞ் சுமையாகவே இருந்தது. முடிவிலோ, மருந்தில்லாத ஊடகத்திலுங்கூட, அதனைச் சுமந்த கலமே சுமவாத கலத்தை வென்றது. மாறியது விருந்தாளியன்று, வீட்டுக்காரனே.

இங்ஙனம் பழகிவிட்ட கலத்திடமிருந்து, மருந்தை நிறுத்துவதனால் மட்டும் பிளாஸ்மிட்டைப் பறித்துவிட இயலாது. பிளாஸ்மிட்டின் படியெடுப்பையோ பங்கீட்டையோ குலைத்து அதனை வெளியேற்றவல்ல பொருள்களை ஆய்வாளர் தேடிவருவது இதனாலேயே.