கிரியேட்டினின் ‘நார்மல்’ என்றால் போதுமா?

‘எனக்கு வயது 65. சர்க்கரை நோய் வந்து 12 வருடமாகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2. சீட்டில் நார்மல் என்றே போட்டிருக்கிறது. கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று நம்பலாமா?’ - கொட்டாரத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். சர்க்கரை நோயாளி உள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கேள்வி என்பதால், சற்று விரிவாகவே பார்ப்போம்.

கிரியேட்டினின், தசையில் தினமும் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். வடிகட்டும் திறன் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். ஆனால், உடற்கட்டுள்ள இளைஞருக்கும் மெலிந்த பாட்டிக்கும் ஒரே அளவு பொருந்தாது. அதனால்தான் கிரியேட்டினினுடன் வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 2021-ல் வந்த கணக்குப்படி, கிரியேட்டினின் 1.2 உள்ள 25 வயது ஆணுக்கு இந்த எண் சுமார் 86. அதே 1.2 உள்ள 65 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 50தான்! 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே வாசகி அசட்டையாக இருக்கக் கூடாது; இந்த ஒரு சீட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டி, மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ரத்தத்தோடு சிறுநீரையும் பார்ப்பது அவசியம். சர்க்கரையால் சிறுநீரகம் கெடும்போது, கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்பே ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். பலருக்கு இதுதான் முதல் அறிகுறி. ‘ஏ.சி.ஆர்.’ பரிசோதனையில் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க வைத்தார். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். கொடுத்தவை விலை குறைந்த மாத்திரைகள். நோயை முன்கூட்டியே பிடிக்கப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

‘சிஸ்டாட்டின் சி’ என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு. தசையின் அளவு இதை அவ்வளவாகப் பாதிக்காது என்பதால் மெலிந்தவர்களுக்கு உதவும். செலவு அதிகம், கிரியேட்டினின் கணக்கில் சந்தேகம் வந்தால் மட்டும் டாக்டர் சொல்லிச் செய்தால் போதும்.

வயல்வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். முதல் நாள் வெயிலில் மண்வெட்டி பிடித்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஆல்புமின் கூடுதலாகக் காட்டலாம். இறைச்சி நிறையச் சாப்பிட்டாலும், தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டாலும் கிரியேட்டினின் ஏறும். ஓய்வான நாளுக்கு அடுத்த காலையில், முதல் சிறுநீரைக் கொடுங்கள். கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் உடம்புவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கிட்னி பலவீனமானவர்களுக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கெடுதல்.

சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது இரண்டு பரிசோதனைகளையும் செய்யுங்கள். கொட்டாரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பழைய சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.