கிளிஃப் வியாபாரம் சரிந்தது ஏன்?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆன்லைன் கேமில் 2008-இல் இன்ஸ்கிரிப்ஷன் என்ற தொழில் அறிமுகமானது. மூலிகையை அரைத்து, மை தயாரித்து, அதைக் கொண்டு கிளிஃப் செய்து விற்கலாம். கிளிஃப் என்பது நம் கேரக்டரின் திறன்களைக் கூட்டும் எழுத்து முத்திரை. வேறொன்றைப் பதித்தால் பழையது அழிந்துவிடும். திரும்பத் தேவையென்றால் மறுபடியும் வாங்க வேண்டும். எனவே வியாபாரம் ஓடியது.

2010 அக்டோபரில் வெளியான 4.0.1 பேட்ச், ஒருமுறை கற்ற கிளிஃபை நிரந்தரமாக்கியது. ஆளுக்கு ஒருமுறை வாங்கியதும் தேவை தீர்ந்தது. 2016-இல் பெரும்பாலும் தோற்றத்தை மாற்றும் கிளிஃப்களே மிஞ்சின. செய்பவர்களின் ஆர்வமும் வடிந்தது.

ஓசூர் சிப்காட் பட்டறைகளைப் பாருங்கள். லேத்தில் கட்டிங் டூல் தேய்வதால்தான் டூல் கடைக்கு ஆள் வருகிறது. கேமிலும் அதே கணக்குதான். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன், செய்யும் பொருள் தீர்ந்துபோகுமா என்று பாருங்கள். ஆல்கெமியின் போஷன் குடித்தால் தீரும். வாங்கியவர் மறுபடியும் வருவார்.