நிறுத்தப்பட்ட பதிப்பை விடாமல் ஆடுபவர்கள்: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிழைத்த கதை

கம்போங் ராஜா: கேமரன் மலையின் வடகோடியில் மாலை மழை பிடித்துக்கொண்டால் வீட்டைவிட்டு வெளியே இறங்க முடியாது. தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் அந்த நேரத்துக்கென்றே தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இருந்தன. தாயம் ஆடிய எவருக்கும் ஒரு சண்டை மறந்திருக்காது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்க வேண்டுமா, ஐந்து விழுந்தாலும் இறங்கலாமா? வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாமா? வீட்டுக்கு ஒரு சட்டம். பாட்டி சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

அந்தச் சட்டத்தை ஒரு கம்பெனி புத்தகமாக அச்சிட்டு விற்றது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து, “அந்தப் புத்தகம் இனி வராது, புதுச் சட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறது. பழையபடி ஆடிப் பழகியவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் பிறந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டில் இது பலமுறை நடந்துவிட்டது.

பெயர் கேட்டதும் கணினி விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இது மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேசியே ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள், போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. “கதவுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துநர் கேட்பார். ஆட்டக்காரர் தன் திட்டத்தைச் சொல்வார். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் பெயரில் வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள்தான். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள்.

அதன் பிறகு பதிப்பு மேல் பதிப்பு. 1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்டு’ வரிசையின் மூன்று முக்கிய நூல்கள், 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு. 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது, 1999இல் விசர்ட்ஸையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு, 2008இல் நான்காவது, 2014இல் ஐந்தாவது. ஒவ்வொன்றும் வரும்போது முந்தையது கடையிலிருந்து போய்விடும்.

புதியது வந்தபின் பழையதைக் கட்டி அழுவானேன் என்று தோன்றலாம். ஆனால் சட்டம் மாறினால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் மந்திரவாதியாக ஆடத் தொடங்குபவருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். உயிர்ப்புள்ளி பெரும்பாலும் நான்குக்குள்தான். ஒரு கத்திக்குத்தில் கதை முடியும். அதைவிட முக்கியமாக, அனுபவப் புள்ளி பெரும்பாலும் அரக்கனைக் கொல்வதற்காகக் கிடைக்காது. புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவதற்காகக் கிடைக்கும். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்ப்பார். லஞ்சம் கொடுப்பார், பொய் சொல்வார், ஓடுவார். நான்காம் பதிப்பிலோ கட்டம் போட்ட பலகையில் நடக்கும் சண்டைதான் நடுநாயகம். இரண்டுக்கும் பெயர் ஒன்று, ஆட்டம் வேறு.

பழையதை விரும்பியவர்களுக்கு வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். மூன்றாம் பதிப்பின்போது விசர்ட்ஸ் ‘ஓபன் கேம் லைசன்ஸ்’ என்ற உரிமத்தை வெளியிட்டது. தங்கள் ஆட்டத்துக்குப் பிறரும் சாகசக் கதைகள் எழுதி விற்கட்டும் என்பதே நோக்கம். இன்னொரு பக்கம், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஆட்டத்தை விவரிக்கும் சொற்களைத்தான் காக்கும், ஆடும் முறையைக் காக்காது. ரசிகர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். உரிமம் தந்த சொற்களை எடுத்துக்கொண்டு, பழைய கணக்குகளைச் சொந்த வாக்கியங்களில் எழுதினால் பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும்!

2006இல் வெளிவந்த ‘ஓஸ்ரிக்’ அப்படித்தான் 1970களின் அட்வான்ஸ்டு பதிப்பை மீட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ‘பேசிக் ஃபேன்டசி’, ‘லேபிரிந்த் லார்டு’, ‘ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசர்ட்ரி’ வரிசைகட்டின. மூன்றாம் பதிப்பு நிறுத்தப்பட்டபோது பைசோ என்ற நிறுவனம் அதே வழியில் 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட்டு, மூல ஆட்டத்துக்கே பெரும் போட்டியாக நின்றது.

அதே 2009 ஏப்ரலில் விசர்ட்ஸ் தன் மின்னூல் விற்பனை அனைத்தையும் திடீரென நிறுத்தியது. பழைய பதிப்புகளை முறைப்படி வாங்கும் வழி ஒரே நாளில் அடைபட்டது. மீண்டும் அது திறந்தது 2013இல். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் கைகொடுத்தவை ரசிகர்களின் நூல்கள்தாம்.

பெரிய ஆபத்து 2023 ஜனவரியில் வந்தது. பழைய உரிமத்தைச் செல்லாததாக்கும் புதிய வரைவு ஒன்று வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை கேட்டது அது. பணம் பெரிய நிறுவனங்களின் கவலை. ரசிகர்களைப் பதற வைத்தது ‘செல்லாது’ என்ற சொல்தான். பதினைந்து, இருபது ஆண்டு உழைப்பின் சட்டக் கால்கோள் அந்த ஒரே தாளில் நின்றது. ஆட்டக்காரர்கள் நிறுவனத்தின் இணையச் சேவைக்குக் கட்டிய சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000க்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். ஜனவரி 27இல் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை; ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளையும் யாரும் பயன்படுத்தலாம் என ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் விட்டுக்கொடுத்தது.

பேசிக் ஃபேன்டசி குழு அந்த வாக்கை நம்பிக் காத்திருக்கவில்லை. பழைய உரிமத்திலிருந்து எடுத்த வரிகளை நீக்கி, புதிதாக எழுதி, அதே ஆண்டு நான்காம் பதிப்பாக வெளியிட்டது. ஊதியமின்றி எழுதப்பட்ட நூல் அது. மின்னூல் இலவசம். கம்போங் ராஜாவில் இருப்பவரும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் நடத்துநராக உட்கார்ந்தால் ஆட்டம் முழுவதும் தமிழிலேயே நடக்கலாம். மேசையில் பேசுவது எந்த மொழி என்று பகடை கேட்பதில்லை.

நம் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் உரிமம் கேட்டு யாரும் வரப்போவதில்லை. அவற்றின் சிக்கல் நேர்மாறானது. எழுதி வைத்தவர்கள் குறைவு. ஒரு லயத்துக் குடும்பங்கள் பிரிந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனால், அந்த லயத்தின் சட்டமும் ஆளோடு போய்விடும்.

கடைசியாகப் பகடை. இந்த ஆட்டத்துக்கு நான்கு பக்கம் முதல் இருபது பக்கம் வரை பலவகைப் பகடைகள் வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. 1970களின் இறுதியில் நிறுவனத்துக்கே பகடைத் தட்டுப்பாடு வந்தது. எண் அச்சிட்ட சிறு சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழைய பதிப்பை ஆடுபவர்களுக்கு இன்றும் அது விதிப்படி சரியான ஆட்டம்தான்.