கணினியும் அதன் வலு வழங்கியும்

கணினியொன்றை வாங்கச் செல்வோர், அதன் செயற்பாட்டு அலகு எத்துணை விரைவுடையது, நினைவகம் எத்துணைக் கொள்ளளவினது, திரை எத்துணை அகலமானது என்றெல்லாம் வினவுவர். பெட்டியின் மூலையிலே, விசிறியொன்றுடன் அமைந்திருக்கும் உலோகக் கூட்டினைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. அதுவே வலு வழங்கி எனப்படுவது. ஏனைய உறுப்புக்கள் யாவும் தத்தம் தொழிலைச் செய்தற்கு வேண்டிய மின்னை வேண்டிய அளவிலே தருவது இவ்வுறுப்பேயாகும். காரணமின்றித் தானாக நின்று, மீண்டும் தானாகத் தொடங்கும் கணினியைக் கண்டு செயற்பாட்டு அலகையும் நினைவகத்தையும் பழிப்போர் பலர். குற்றமோ பல வேளைகளில் அம்மூலையிலே இருக்கின்றது. ஆதலின், கணினியின் உறுப்புக்களைச் சுருங்கக் கூறி, வலு வழங்கியின் இயல்பைச் சற்று விரிவாக ஆராய்வாம்.

கணித்தலைச் செய்வது மத்திய செயற்பாட்டு அலகு. அது கையாளும் தரவுகளையும் கட்டளைகளையும் அப்போதைக்கு ஏந்தி நிற்பது நினைவகம். மின் நின்றவுடன் நினைவகம் தான் ஏந்திய அனைத்தையும் இழந்துவிடும். ஆதலால் நிலையாகப் பேணவேண்டியவற்றை வன்தட்டிலோ, அதனினும் விரைவான திண்மநிலைச் சேமிப்பகத்திலோ எழுதி வைக்கின்றோம். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் தளம் தாய்ப்பலகை. படங்களை ஆக்கித் திரைக்கு அனுப்பும் வரைவியல் அட்டை சில கணினிகளிலே தனியாக இருக்கும். சிலவற்றிலே செயற்பாட்டு அலகினுள் அடங்கிவிடும். இவ்வளவும் பாடநூல்களிலே எளிதிற் கிடைப்பவை.

பாடநூல்கள் வற்புறுத்திக் கூறாதது ஒன்றுண்டு. இவ்வுறுப்புக்கள் யாவும் மிகத் தாழ்ந்த வோல்ற்றளவிலே தொழிற்படுவன. 1946 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது. ஏறத்தாழ 150 கிலோவாற்று வலுவை உட்கொண்டது. 1971 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லிலே ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் அமைந்திருந்தன. இன்றைய சில்லுகள் சிலவற்றிலே அத்தொகை ஆயிரங்கோடியையும் கடந்துவிட்டது. திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்க, அது தாங்கக்கூடிய வோல்ற்றளவும் குறைகின்றது. இன்றைய செயற்பாட்டு அலகின் அகம் ஏறத்தாழ 1 வோல்ற்றிலேயே இயங்குகின்றது. வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது வலு என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். 100 வாற்று வலுவை 1 வோல்ற்றிலே பெறுவதாயின் 100 அம்பியர் ஓட்டம் வேண்டும். எமது வீடுகளுக்குப் பொதுவாக வழங்கப்படும் மின்னிணைப்போ 30 அம்பியருக்குரியது. வீடு முழுவதற்கும் போதுமான ஓட்டத்தைப்போல மும்மடங்குக்கு மேற்பட்டதை விரல்நகமளவு சில்லொன்று கொள்கின்றது என்பது வியப்பன்றோ?

சுவரிலிருந்து கிடைப்பது 230 வோல்ற்று ஆடலோட்டம்; அது செக்கனுக்கு 50 வட்டம் சுற்றி வருவது. 230 என்பது இடைவர்க்கமூலப் பெறுமானமேயாகலின், அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்று வரை எழும். இத்தகைய மின்னைத் தாழ்த்தி, ஒரே திசையிற் செல்லும் நேரோட்டமாக்கி, அலைவின்றித் தருவதே வலு வழங்கியின் கடமை. முற்காலத்து முறை எளியது. இரும்பு அகணியுடைய பெரிய நிலைமாற்றியொன்றினால் வோல்ற்றளவைத் தாழ்த்தினர், இருவாயிகளாற் சீராக்கினர், மிஞ்சிய வோல்ற்றளவைத் திரான்சிற்றரொன்றிலே வெப்பமாகச் சிதறவிட்டனர். பாரமும் வெப்பமுமே இம்முறையின் குறைகள். கொண்ட மின்னிற் பாதிக்கு மேல் வெப்பமாகவே கழிவது இதிலே பொதுவாயிருந்தது.

இக்குறைகளை நீக்கும் வழி, 1831 இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதியிலேயே அடங்கியிருந்தது. காந்தப்பாயம் எத்துணை விரைவாக மாறுகின்றதோ அத்துணை மிகுதியாக மின் தூண்டப்படும். ஆகவே மீடிறனை உயர்த்தினால், அதே வலுவை மிகச் சிறிய அகணியின் வழியே கடத்தலாம். இன்றைய வலு வழங்கி முதலிலே ஆடலோட்டத்தைத் தாழ்த்தாமலே நேரோட்டமாக்கி, பெரிய கொள்ளளவிகளிலே சேமிக்கின்றது. அந்த உயர்ந்த வோல்ற்றளவைத் திரான்சிற்றர்கள் செக்கனுக்குப் பல பதினாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. அவ்வாறு வெட்டுண்ட மின் பெரைற்று அகணியுடைய சிறு நிலைமாற்றி வழியே தாழ்ந்து, மறுபடியும் சீராக்கப்பட்டு வெளிவருகின்றது. நேரோட்டமாக்கியதை மீண்டும் வெட்டுவது சுற்றி வளைத்த வழியாகத் தோன்றலாம். ஆயினும் செங்கல் போற் கனத்த நிலைமாற்றி தீப்பெட்டி அளவினதாகச் சுருங்கியது இதனாலன்றோ?

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீரிறைத்த முறையை முதியோர் அறிவர். பட்டை விட்டுவிட்டே நீரை அள்ளும். ஆயினும் தொட்டியிலே சேர்ந்த நீர் வாய்க்கால் வழியே இடையறாது பாயும். பயிர் மிகுதியாக நீரை வேண்டினால் இறைப்பு விரைவுறும், வேண்டாதபோது தளரும். வெட்டும் திரான்சிற்றரைத் துலாவுக்கும், வெளிப்புறத்துக் கொள்ளளவியைத் தொட்டிக்கும் ஒப்பிடலாம். வெளிவரும் வோல்ற்றளவைக் கட்டுப்பாட்டுச் சுற்றொன்று இடைவிடாது அளந்து, திரான்சிற்றர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருத்தல் வேண்டுமென ஆணையிடுகின்றது. இங்கு உவமை சிறிது வழுவுகின்றது: துலாவிலே மாறுவது இறைப்பின் விரைவு; இங்கு பெரும்பாலும் மாறுவது ஒவ்வோர் இறைப்பிலும் அள்ளும் அளவு.

1977 இல் வெளிவந்த அப்பிள் 2 கணினிக்கு றொட் ஹோல்ற் என்னும் பொறியியலாளர் இம்முறையிலமைந்த வலு வழங்கியை வகுத்தார். அவரே இம்முறையைக் கண்டுபிடித்தவர் எனச் சிலர் புகழ்வது மிகையாகும். உயர்ந்த வோல்ற்றளவைத் தாங்கி விரைந்து தொழிற்படும் திரான்சிற்றர்கள் மலிவானமையே இதன் பரவலுக்கு மெய்யான காரணம். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் வலு வழங்கி 63.5 வாற்று மாத்திரமே தந்தது. இக்காலத்து வரைவியல் அட்டைகளுள் 450 வாற்றுக் கொள்வனவும் உள.

1995 இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் நியமத்தின்படி, மஞ்சட் கம்பி 12 வோல்ற்றும், சிவப்பு 5 வோல்ற்றும், செம்மஞ்சள் 3.3 வோல்ற்றும் தரும். கறுப்புக் கம்பி அவற்றின் பொதுத் தரை. 12 வோல்ற்று, 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் நிற்றல் வேண்டும். தாய்ப்பலகையிலே செயற்பாட்டு அலகின் அருகிலுள்ள சிறு மாற்றிகள் இந்த 12 வோல்ற்றைப் பெற்றே 1 வோல்ற்றளவுக்குத் தாழ்த்துகின்றன. நூறு அம்பியரை நெடுந்தூரம் கடத்துதல் அரிது. சில சென்ரிமீற்றர் கடத்துதல் இயலும். வோல்ற்றளவுகள் நிலைபெற்றதும் சாம்பனிறக் கம்பி வழியே ‘மின் நன்று’ என்னும் குறி செல்லும். அதன் பின்னரே செயற்பாட்டு அலகு தன் வேலையைத் தொடங்கும். ஊதாக் கம்பியின் 5 வோல்ற்றோ கணினியை நிறுத்திய பின்னும் நிற்பதில்லை. ஆதலின் கணினியைத் திறந்து வேலை செய்ய விரும்பும் மாணவன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றுதல் வேண்டும். வலு வழங்கியின் கூட்டையோ எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது; செருகியைக் கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளிலே உயிரைப் பறிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

கணினிப் பெட்டியைத் தொட்டபோது மெல்லிய அதிர்வை உணர்ந்தோர் பலர். வலு வழங்கியின் வாயிலிலே, இரைச்சலைத் தடுக்கும்பொருட்டு, உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் உலோகப் பெட்டியோடு இணைக்கும் இரு சிறு கொள்ளளவிகள் உள்ளன. புவித்தொடுப்பு இருப்பின் அவற்றினூடு கசியும் சிற்றோட்டம் நிலத்துக்குச் சென்றுவிடும். இல்லையேல் பெட்டி முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ற்றிலே மிதந்து நிற்கும். அவ்வோட்டம் மிகச் சிறியதாகலின் பொதுவாக ஊறு செய்யாது. ஆயினும், புவித்தொடுப்பில்லை என்பதை அறிவிக்கும் எச்சரிக்கை அதுவே. உள்ளே காவல் குலைந்து உயிர்க்கம்பி பெட்டியைத் தொடுமாயின் அடுத்த அதிர்ச்சி மெல்லியதாயிராது. மூன்று முனைச் செருகியை இருமுனைத் துளையிற் பொருத்தும் கைத்திறன் எம்மிடையே பரவியிருப்பது வருந்தத்தக்கது.

கடல்கடந்த உறவினரும் பழைய மாணவரும் பள்ளிகளுக்குப் பழைய கணினிகளை அனுப்புவதுண்டு. அவற்றின் பின்புறத்திலே 115, 230 எனக் குறித்த சிறு ஆளியொன்று இருக்குமாயின் அதனை முதலிலே பார்த்தல் வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து வந்தது 115 இலேயே நிற்கும். அந்நிலையிலே உட்சுற்று வோல்ற்றளவை இரட்டிப்பதாக அமைந்திருத்தலின், எமது மின்னோடு இணைத்த கணமே கொள்ளளவிகள் வெடிக்கும். புதிய வலு வழங்கிகள் பல தாமாகவே இணங்கிக்கொள்ளும்.

விலை குறைந்த வலு வழங்கிகளைப் பற்றியும் ஒரு சொல். 300 வாற்றுத் தரவேண்டிய கருவியின் வினைத்திறன் 80 வீதமாயின் அது 375 வாற்றைக் கொண்டு, 75 வாற்றை வெப்பமாக்கும். அவ்வெப்பம் கொள்ளளவிகளுக்குப் பகை: 10 பாகை செல்சியசு உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மேற்புறம் வீங்கிய கொள்ளளவியைக் கண்டால் அது முடிந்ததெனக் கொள்க. எம் நாட்டு வெப்பத்திலே, தூசி அடைத்த விசிறியோடு ஓடும் மலிவான கருவி எத்துணைக் காலம் நிற்கும்?

மின் திடீரென நின்றால் வலு வழங்கி தன் கொள்ளளவிகளிலுள்ள சேமிப்பைக் கொண்டு ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் தாங்கும். மின்னலையின் ஒரு வட்டத்துக்கும் அது குறைவானதே. தடையில்லா மின்வழங்கிகளுட் பெரும்பாலானவை 10 மில்லிசெக்கனுக்குள் மின்கலத்துக்கு மாறுவன. ஆகவே கணினி அதனை உணர்வதில்லை. எனினும், 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி மின்கலமொன்றிலே உள்ள சத்தி 84 வாற்று மணி மாத்திரமே. 200 வாற்றுக் கொள்ளும் கணினியை அது கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. எழுதியதைச் சேமித்து, முறையாக நிறுத்துதற்கு அது போதும். 2022 மார்ச் இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. அத்தகைய காலத்திலே மின்கலத்தை முற்றாக இறங்கவிட்டு மணிக்கணக்கில் அப்படியே விட்டால், ஈயத் தகடுகளின்மேல் சல்பேற்று இறுகிப் படியும். பின்னர் அது முழு ஏற்றத்தைக் கொள்ளாது. லேசர் அச்சுப்பொறியை இக்கருவியோடு இணைத்தலும் ஆகாது. தாளிலே மையை உருக்கிப் பதிக்கும் அதன் வெப்பமூட்டி ஒரு கணத்திலே கொள்ளும் வலு அம்மின்கலத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.