கர்ப்பிணிகள் ஆடலாமா?

வயிற்றில் பிள்ளை. காலில் சலங்கை இல்லை. ஆனாலும் ஆட்டம் நடக்கிறது!

எங்கே என்கிறீர்களா? மேல்நாடுகளில். அங்கே கர்ப்பிணிகளுக்கு என்றே நடன வகுப்புகள் இருக்கின்றன. ஐந்து மாதம், ஏழு மாதம் ஆன பெண்கள் வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்ப மெதுவாக இடுப்பை அசைக்கிறார்கள். அவர்கள் ஆடுவது எகிப்து நாட்டு ஆட்டம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் "பெல்லி டான்ஸ்". "பெல்லி" என்றால் வயிறு.

1893-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. இந்த ஆட்டத்துக்கு அந்த நாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பொருட்காட்சிதான். பிறகு அது சினிமாவுக்கும் வந்தது. வில்லனின் விடுதியில், மங்கிய வெளிச்சத்தில், அரைகுறை உடையில் ஒரு பெண் ஆடுவாள். அதைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் எகிப்தில் அது வீட்டு ஆட்டமும்கூட. கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி ஆடுவார்கள். நம் ஊர்க் கும்மி மாதிரி!

மாமியார் கோபம்

திண்டுக்கல் பக்கத்து வீடு ஒன்றில் மருமகள் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

"மாசமா இருக்கிறவ ஆடப் போறியா? நல்லாத்தான் இருக்கு!" என்று மாமியார் அதட்டுவார்.

அவர் பயப்படுவதில் தப்பு இல்லை. அந்தக் காலத்தில் பிரசவம் என்பது மறுபிறப்பு. போனவள் திரும்பி வந்தால்தான் உண்டு.

ஆனால் ஒன்று. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில், விடியும் முன்பே குனிந்து பூப் பறிக்கிறாள் ஒரு கர்ப்பிணி. சின்னாளபட்டியில் இன்னொருத்தி கால் வீங்க வீங்கத் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். வேறொருத்தி குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிறாள். "உடம்புக்கு ஆகுமா?" என்று அவர்களை யாரும் கேட்பது இல்லை. குனிந்தால் வேலை. நிமிர்ந்து இடுப்பை அசைத்தால் மட்டும் ஆட்டம்!

வசதியான வீட்டில் கதை வேறு. அங்கே கர்ப்பிணியைக் கட்டிலை விட்டு இறங்க விடுவது இல்லை. அதுவும் நல்லது அல்ல.

டாக்டர்கள் சொல்வது

உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டு ஒரு யோசனை வெளியிட்டது. கோளாறு எதுவும் இல்லாத கர்ப்பிணி வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்பது அது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்றால், வாரத்தில் ஐந்து நாள். நடக்கலாம், நீந்தலாம், ஆடலாம். நல்ல உடல்நிலையில் உள்ளவளுக்கு அளவான பயிற்சியால் கரு கலையாது. கர்ப்ப காலத்துச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் குறையும்.

"ஆடினால் சுகப்பிரசவம் நிச்சயம்" என்று எந்த ஆசிரியையாவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். அப்படி யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

எகிப்து ஆட்டம் நம் ஊரில் இல்லாவிட்டால் என்ன? தமிழ்நாட்டில் பல அரசு ஆஸ்பத்திரிகளில் யோகா பிரிவு இருக்கிறது. அங்கே கர்ப்பிணிகளுக்கு யோகா சொல்லிக் கொடுக்கிறார்கள். யோகாவோ, கும்மியோ, எகிப்து ஆட்டமோ, கவனிக்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

முதல் பாடம்

முதலில் ஆசிரியை சொல்லிக் கொடுக்க வேண்டியது அடவு அல்ல. அவர் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: "உனக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது?"

மேல்நாட்டு வகுப்பைப் பார்த்து அப்படியே இங்கே ஆடக் கூடாது என்பதற்குக் காரணமே இதுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்த சோகை! கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் ஆபத்து. அப்படிப்பட்டவளுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். அவளுக்கு வேண்டியது ஆட்டம் அல்ல, வைத்தியம்.

வேறு யாரெல்லாம் ஆடக் கூடாது? ரத்தக் கொதிப்பு ஏறியவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், உதிரப்போக்கு கண்டவர்கள், நஞ்சு கீழே இறங்கி இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள் ஆகியோர். இரட்டைக் குழந்தை என்றால் டாக்டர் அனுமதி இல்லாமல் காலை அசைக்க வேண்டாம்.

இதை எல்லாம் தெரிந்துகொள்ளச் சோதனை வேண்டும். வலி வந்த பிறகு டாக்டரைத் தேடி ஓடுவது பழைய பழக்கம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்திகிராமம் இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் அதைத் தொடங்கினார். டி.வி.எஸ். குடும்பத்துச் செல்வ மகள். டெல்லியில் டாக்டர் படிப்புப் படித்தவர். பட்டணத்தில் இருந்து சம்பாதிக்காமல் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க வந்துவிட்டார். சிறிய பிரசவ விடுதியாகத் தொடங்கிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி பிற்பாடு பெரிதாக வளர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். கிராம நர்சு வீடு தேடி வருகிறார். நர்சு கொடுக்கும் அட்டையில் எல்லாம் எழுதி இருக்கும். ஆட்டம் கற்பிக்கிறவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

எப்படி ஆடுவது?

கர்ப்ப காலத்தில் மூட்டுகளின் கட்டுகள் தளர்ந்து விடும். வயிறு முன்னால் வந்து விடுவதால் உடம்பின் நிதானமும் மாறும். ஆகவே கால் சறுக்குவது சுலபம்.

இரண்டு காலையும் சற்று அகட்டி, பாதம் முழுவதும் தரையில் பதிய நிற்க வேண்டும். முழங்கால் விறைப்பாக இருக்கக் கூடாது. மாவாட்டுகிற குழவி சுற்றுவது போல் இடுப்பை மெதுவாகச் சுற்றலாம். எட்டு என்ற எண்ணை இடுப்பால் எழுதிப் பார்க்கலாம். இடுப்பு வலிக்காரர்களுக்கு இது இதமாக இருக்கும்.

குதிக்கக் கூடாது. சுழலக் கூடாது. முதுகைப் பின்னால் வளைக்கக் கூடாது. வயிற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வித்தையும், உடம்பை வேகமாக உதறுவதும் பிரசவம் முடியும் வரை வேண்டாம். நாலைந்து மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்துப் பயிற்சி செய்யக் கூடாது. கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் பத்து நிமிடம் போதும். பக்கத்தில் ஒரு நாற்காலி. ஒரு செம்புத் தண்ணீர். தரையில் ஈரம் கூடாது. தடுக்கும் சேலைக் கரையைத் தூக்கிச் செருக வேண்டும். திண்டுக்கல் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், பட்டப்பகலில் ஆடுவது முட்டாள்தனம். காலையோ மாலையோதான் நல்லது.

அளவு தெரிய ஒரு வழி உண்டு. ஆடும்போதே பேச வேண்டும். பேச முடிந்தால் சரி. பேச்சு திக்கினால் வேகம் அதிகம்.

உடனே நிறுத்து!

உதிரம் பட்டால், நீர் கசிந்தால், வயிறு விட்டு விட்டு வலித்தால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், கண் மங்கித் தலை வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், பிள்ளை அசைவது குறைந்தால், அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். காசு கிடையாது.

நிற்க முடியாத மாதங்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளையும் கையையும் அசைக்கலாம். வகுப்புக்கு மாமியாரையும் அழைத்து வரச் சொல்வது நல்லது. மருமகளுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க அவரைவிடக் கூர்மையான கண் வேறு யாருக்கு இருக்கிறது?